பக்கத்தில் நிற்பவன் கத்தி

இடுப்பில் மடக்குக்கத்தி இல்லாதவன் கயிற்றில் கை வைக்கக் கூடாது. இது அந்தக் குழுவில் யாரும் எழுதி ஒட்டாத சட்டம்.

வீடு மாறிப் போகிறவர்களின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றி இறக்குவது அவர்கள் பிழைப்பு. மாடிப்படி குறுகலாக இருக்கிற வீடுகளில் கட்டிலும் அலமாரியும் படி வழியாக ஏறாது. மொட்டைமாடியில் கப்பியை மாட்டி, கயிறு கட்டி, வெளிச்சுவர் ஓரமாகத்தான் தூக்க வேண்டும். பாரம் மேலே போகும்போது கயிறு எப்போது கடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு சுருள் கையில் விழுந்து இறுகினால் போதும், பாரம் ஆளைத் தன் வழிக்கு இழுத்துக்கொண்டு போய்விடும். மாட்டிக்கொண்டவனால் தன் கத்தியை எடுக்க முடியாது. எடுக்க வேண்டிய கைதான் கயிற்றில் இருக்கிறதே. பக்கத்தில் நிற்பவன்தான் அறுத்துவிட வேண்டும். ஆகவே அவனவன் இடுப்பில் இருந்த கத்தி அவனவனுக்கு அல்ல, அடுத்தவனுக்கு.

மற்ற நேரத்தில் அது எல்லா வேலையும் செய்யும். மூட்டைத் தையலைப் பிரிக்கும், காலில் ஏறிய சிராயை எடுக்கும், பழம் நறுக்கும், நகம் வெட்டும். மேஸ்திரி காதில் செருகிய பென்சிலை எடுத்துக் கத்தியால் சீவிக்கொண்டே பேசினால் அன்றைக்கு அவர் நல்ல மனசோடு இருக்கிறார் என்று அர்த்தம். புதிதாக வேலைக்கு வருகிறவனிடம் அவர் முதலில் கத்தி இருக்கிறதா என்றுதான் கேட்பார். பேரெல்லாம் அப்புறம்.

அந்தக் கத்திகள் ஒரே நாளில் போய்விடவில்லை. பல் ஆடி விழுவதுபோல ஒவ்வொன்றாகப் போயின. முதலில் செல்போன் வந்து சட்டைப்பையையும் கால்சட்டைப்பையையும் பிடித்துக்கொண்டது. லாரி ஓட்டுகிறவன் ஒருமுறை வெளியூர் போகும்போது சோதனையில் மாட்டி, பழம் நறுக்க வைத்திருந்த கத்திக்காக அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்து பதில் சொல்லிவிட்டு வந்தான். அதோடு அவனுக்கு ஆசை விட்டுப்போயிற்று. இன்னொருத்தன் மனைவி, ஓட்டை விழுந்த பையைத் தைத்துத் தைத்தே தன் விரல் புண்ணாகிவிட்டது, இனி நீ அந்தக் கத்தியோடேயே குடித்தனம் நடத்து என்று சொல்லிவிட்டாளாம். பிறகு மின்சார மோட்டார் வந்தது. ஆறு பேர் மூச்சுப் பிடித்து இழுத்ததை ஒருத்தன் மாடியில் நின்று ஒரு பொத்தானை அமுக்கித் தூக்கினான். கயிற்றில் கை வைக்கிறவர்களே குறைந்துபோனார்கள்.

கடைசியில் முதலாளி ஒரு சட்டம் கொண்டுவந்தார். வேலைக்கு வருகிறவன் கத்தி வைத்திருக்கக் கூடாது, காப்பீட்டுக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றார். ஆளுக்கொரு மஞ்சள் பிளாஸ்டிக் கட்டர் கொடுத்தார்கள். அது அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பைக் கிழிக்கும். கயிற்றைக் கண்டால் வெட்கப்படும். லாரி நிறுத்தும் கொட்டகையின் வாசலில் ஒரு தகரப்பெட்டி வைத்து, இருக்கிற கத்திகளைப் போடச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டும் என்று மேஸ்திரிதான் முதலில் போட்டார். பெட்டி காலியாக இருந்ததால் சத்தம் பெரிதாகக் கேட்டது.

நெட்டை ஒருத்தன்தான் போடவில்லை. உயரத்துக்காக வைத்த பேர் அது. சொந்தப் பேர் அவன் மனைவிக்கே மறந்திருக்கும். அவன் ஒன்றும் பெரிய கொள்கைக்காரன் இல்லை. மஞ்சள் கட்டரையும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டான், கத்தியையும் பழையபடி இடுப்பு வாரில் செருகிக்கொண்டான். காலையில் சட்டை போடுகிற மாதிரி அது ஒரு பழக்கம். மோட்டார்க்காரன் அவனைச் சீண்டுவான். மாமியார் வீட்டுக்குப் போகும்போதும் கத்தியோடுதான் போவாயா என்பான். அங்கேதான் முக்கியமாக வேண்டும் என்பான் நெட்டை. சிரித்துவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவர்போல இருந்துவிட்டார்.

அந்தக் குழுவில்தான் நெட்டையின் மச்சினனும் இருந்தான், மனைவியின் தம்பி. தாய் சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது அவனையும் கூடவே கொண்டுவந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. நெட்டைதான் அவனை வேலையில் சேர்த்துவிட்டான். இப்போது அவனுக்கும் மனைவி, பிள்ளைகள், தனி வீடு என்று ஆகிவிட்டது. நல்ல பலசாலி. கலகலவென்று பேசுவான். ஆனால் கவனம் ஓரிடத்தில் நிற்காது. கயிற்றைப் பிடிக்கும்போது மணிக்கட்டில் சுற்றிக்கொள்கிற கெட்ட பழக்கம் ஒன்று உண்டு. சுற்றினால் கைக்கு வலி தெரியாது, பிடியும் நழுவாது. அதனால்தான் ஆபத்து. "சுத்தாதேடா" என்று சொல்லிச் சொல்லி நெட்டைக்கு வாய் வலித்தது.

மோட்டார் வந்தபோது அந்த வேலை தனக்குக் கிடைக்கும் என்று மச்சினன் நம்பியிருந்தான். மேஸ்திரி நெட்டையிடம்தான் யோசனை கேட்டார். பொத்தான் அவன் கையில் வேண்டாம், கவனம் போதாது என்று நெட்டை சொல்லிவிட்டான். உள்ளதைத்தான் சொன்னான். ஆனால் உள்ளதைச் சொன்னால் உடம்பெல்லாம் எரியுமே. வேலை வேறொருவனுக்குப் போயிற்று. மச்சினனை வால்கயிற்றில் நிறுத்தினார்கள். பாரத்தின் அடியில் கட்டி, அது சுவரில் மோதாமல் கீழே இருந்து ஒருவன் பிடித்துக்கொண்டு விட்டு விட்டுக் கொடுக்கிற கயிறு அது. அன்றிலிருந்து மச்சினன் மாமாவோடு பேசவில்லை. தூக்கு, இறக்கு, நில் என்று வேலைக்கு வேண்டிய சொல் மட்டும். வீட்டிலும் அது புகைந்தது. சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரனே குழி பறிக்கலாமா என்று மனைவி ஒருநாள் கேட்டாள். குழியில் விழக் கூடாதென்றுதான் சொன்னேன் என்றான்.

விபத்து நடந்த அன்று ஒரு நாலு மாடி வீட்டுக்கு இரட்டைக் கதவு மர அலமாரி ஒன்று ஏறவேண்டியிருந்தது. அந்தக் காலத்து மரம், யானைக் கனம். மோட்டார்க்காரன் மொட்டைமாடியில். கைப்பிடிச்சுவர் மறைப்பதால் அவனுக்குக் கீழே நடப்பது தெரியாது. மேஸ்திரி கழுத்தில் தொங்கும் விசிலை ஊதினால்தான் நிறுத்துவான். மேஸ்திரி தெருவில் நின்றார். அவருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வால்கயிற்றோடு மச்சினன். நெட்டை முதல் மாடி பால்கனியில் நின்றான், அலமாரி அங்கே இடிக்காமல் தள்ளிவிட.

அலமாரி பால்கனியைத் தாண்டி மேலே போயிற்று. நெட்டை அதைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தான். மச்சினன் கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தான். சுருள் இறுகிவிட்டது. கை தலைக்கு மேலே போய், குதிகால் எழும்பி, கால் தரையை விட்டுவிட்டது. அவன் கத்தவில்லை. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை.

அப்போது மேஸ்திரியின் கை எங்கே போயிற்று என்பதை நெட்டை மேலே இருந்து தெளிவாகப் பார்த்தான். விசில் அவர் நெஞ்சிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. கை அங்கே போகவில்லை. இடுப்புக்குப் போயிற்று. பக்கத்தில் ஒருவனைக் கயிறு பிடித்தால் இடுப்புக்குப் போ என்றுதான் அத்தனை வருஷமும் அந்தக் கைக்குப் பழக்கம். இடுப்பில் ஒன்றும் இல்லை. அவர் வலப்பக்கம் தடவினார், இடப்பக்கம் தடவினார், திரும்பவும் வலப்பக்கம் தடவினார். அதற்குள் மச்சினன் அவர் தலைக்கு மேலே போய்விட்டான்.

அதுவரை தெருப்பக்கம் சாய்ந்து எட்டாமல் இருந்த கயிறு, பால்கனி உயரத்துக்கு அவன் வந்ததும் சுவரோரமாக வந்தது. நெட்டை கம்பிக்கு வெளியே பாதி உடம்பைச் சாய்த்து, இடக்கையால் கயிற்றை எட்டிப் பிடித்து, வலக்கையால் அறுத்தான். அறுக்கும்போது வாய்க்கு வந்தபடி திட்டினான். இன்னும் ஒரு மாடி போனால் விழுகிற உடம்பு பிழைக்காது என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரிந்தது. கயிறு விட்டது. மச்சினன் கீழே விழுந்தான். வால் அறுந்த அலமாரி சுழன்று மேல்மாடி பால்கனிக் கம்பியில் மோதி ஒரு கதவு பிளந்தது. அதற்கப்புறம்தான் விசில் கேட்டது.

விசில் சத்தத்துக்குத்தான் தெருவே எட்டிப்பார்த்தது. கீழே ஒருவன் தொடை எலும்பு முறிந்து கிடந்தான். மேலே ஒருவன் திறந்த கத்தியோடு நின்றான். நடுவே அறுந்த கயிறு ஆடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு அம்மாள் ஒருத்தி, அவன் திட்டிக்கொண்டே அறுத்ததைத் தன் காதால் கேட்டதாகச் சொன்னாள். பொய் இல்லை, கேட்டிருப்பாள். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது லாரி ஓட்டுகிறவனிலிருந்து எல்லோருக்கும் தெரியும். முன்பெல்லாம் எட்டுப் பேர் இடுப்பிலும் கத்தி இருந்தது, யாரும் யாரையும் பார்த்துப் பயந்ததில்லை. இப்போது எல்லோரும் விட்டுவிட்டதை இவன் மட்டும் எதற்கு வைத்திருந்தான் என்று கேட்டார்கள். கேட்டவர்களே பதிலும் சொல்லிக்கொண்டார்கள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் மேஸ்திரி நெட்டையை ஒரு மூலைக்கு அழைத்துப் போனார். சுவரைப் பார்த்துக்கொண்டுதான் பேசினார். கயிற்றைக் கையில் சுற்றியது தெரிந்தால் மச்சினன் கதி முடிந்தது. சொந்தத் தப்பால் விழுந்தவனுக்கு முதலாளி வைத்தியமும் பார்க்க மாட்டார், திரும்ப வேலையும் தர மாட்டார். காலோ இனி பாரம் தாங்காது. தப்பு அவனுடையது இல்லையென்றால் கொட்டகையில் உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று தருவதாக முதலாளி வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார்.

"உனக்கு எப்படியும் வேலை போகப்போகுது, நெட்டை. கத்தி வெச்சிருந்ததுக்கே உன்னை அனுப்பிடுவாங்க. அவனுக்காவது நிக்கட்டும், அவன் கையில சுத்துனதை நீ சொல்லாதே" என்றார். பிறகு, "எனக்காகவும் சேர்த்துத்தான் கேக்கறேன். மறைக்கல. விசில் கழுத்துலதான் கெடந்துச்சு. என் கை இடுப்பைத் தடவிக்கிட்டு நின்னுச்சு. அதை எப்படி நான் வெளியில சொல்லுவேன்?" என்றார்.

அவர் நெற்றியைச் சுவரில் சாய்த்துக்கொண்டார். நெட்டை அவரை அத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை. சரி என்று தலையசைத்தான். மோட்டாரிலிருந்து மச்சினனை விலக்கி வால்கயிற்றுக்கு அனுப்பியது தன் வாய்தான் என்பது அவனுக்குள் முள்ளாகக் கிடந்தது. அந்த முள்தான் அவன் தலையை அசைத்தது என்றுகூடச் சொல்லலாம்.

மறுநாள் முதலாளியும் காப்பீட்டுக்காரரும் கட்டிலருகே வந்து விசாரித்தார்கள். மச்சினன் கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு, கயிற்றைச் சும்மாதான் பிடித்திருந்தேன், மாமா அறுத்துவிட்டார், இழுத்த வேகத்தில் மல்லாக்க விழுந்தேன், ஏன் அறுத்தார் என்று தெரியாது என்றான். மேஸ்திரி சொல்லிக்கொடுத்தபடி சொன்னான். பாரம் என்னை இழுத்துத் தூக்கிவிட்டது என்று அவன் சொல்லவும் இல்லை, கீழே நின்ற மேஸ்திரி சொல்லவும் இல்லை. நெட்டையைக் கேட்டார்கள். பயத்தில் அறுத்துவிட்டேன் என்றான். எதற்குப் பயம் என்று கேட்டார்கள். அவன் இடுப்பு வாரைச் சரிசெய்துகொண்டான்.

அவன் கணக்குப் போட்டதில் ஒன்று விட்டுப்போயிருந்தது. கட்டிலின் தலைமாட்டில் அவன் மனைவி தம்பியின் நெற்றியில் கை வைத்தபடி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள். தலை நிமிர்ந்து ஒருமுறை அவனைப் பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

கத்தியை முதலாளி காகிதத்தில் சுற்றித் தன் மேசைக்குள் வைத்துக்கொண்டார். வேலை போயிற்று. போலீசுக்குப் போகலாமா என்று மச்சினனிடம் கேட்டதற்கு அவன் வேண்டாம் என்று பதறினானாம். அதனால் ஊரில் அவனுக்கு நல்ல பேர் வந்தது. தங்கமான பையன், காலை ஒடித்தவனையும் அக்கா புருஷன் என்று விட்டுவிட்டானே என்றார்கள்.

வீட்டில் அவள் சண்டை போடவில்லை. சண்டை போட்டிருந்தால் அவன் எல்லாவற்றையும் கொட்டியிருப்பான். வேளாவேளைக்குச் சோறு வைத்தாள், சட்டை துவைத்துப் போட்டாள். பேச்செல்லாம் பாத்திரங்கள்தான் பேசின. மேஸ்திரிக்குக் கொடுத்த வாக்கு ஊருக்குத்தான், மனைவிக்கு இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஏன் அறுத்தாய் என்று அவள் ஒரு வார்த்தை கேட்கட்டும், சொல்லிவிடலாம் என்று காத்திருந்தான். கேட்காதவளிடம் வலியப் போய்ச் சொன்னால், குற்றம் செய்தவன் சாக்குச் சொல்கிற மாதிரி இருக்கும். மனசுக்குள் பலமுறை சொல்லிப் பார்த்தான். சொல்லிப் பார்க்கப் பார்க்க அது அவனுக்கே பொய்போலக் கேட்டது. ஊர் முழுக்க ஒன்றைச் சொல்லும்போது ஒருத்தன் மனசு எத்தனை நாள் எதிர்த்து நிற்கும்? அறுத்த கையில் கோபம் இருந்ததா இல்லையா என்று அவனே தன்னை விசாரிக்க ஆரம்பித்தான். வாசற்படியில் உட்கார்ந்து, உடைந்த நாற்காலிக் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டே அதைத்தான் யோசித்தான். முடிச்சுப் போட்டதும் மிச்சக் கயிற்றை நறுக்கக் கை இடுப்புக்குப் போய் வெறுமையாகத் திரும்பும். பல்லால் கடித்து அறுப்பான்.

பிறகு காய்கறிச் சந்தையில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. கொட்டகை இருக்கும் பெரிய தெருவைத் தவிர்த்து, சந்து வழியாகப் போய்வந்தான். சந்தையிலும் ஒருவன் அவனை ஏற இறங்கப் பார்த்து, "கயிறறுத்தவர்தானே?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தோளில் வாங்கிக்கொண்டான்.

மச்சினன் ஆஸ்பத்திரியிலிருந்து தன் வீட்டுக்கு வந்தபின், அவன் மனைவி வேலைக்குப் போகும் மத்தியானங்களில் அவள் தினமும் அங்கே போய் உடம்பு துடைத்துவிட்டு வருவாள். ஒருநாள் போனவள் திரும்ப நேரமாயிற்று. நெட்டை வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது வந்தாள். கைப்பையை வைத்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. அவன் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"தம்பி கையைப் பார்த்தேன்" என்றாள்.

எந்தக் கை என்று அவன் கேட்கவில்லை.

இத்தனை நாளும் மச்சினன் முழுக்கைச் சட்டையைக் கழற்ற விட்டதில்லையாம். அந்தக் கையை நானே துடைத்துக்கொள்வேன் என்பானாம். இன்றைக்கு அவன் கண்ணயர்ந்திருந்தபோது அவள் சட்டைக்கையை மேலே தள்ளியிருக்கிறாள். மணிக்கட்டில் மூன்று சுற்றாகத் தோல் கன்றிக் கருத்திருந்தது, வளையல் போட்ட மாதிரி. கயிற்றுக்காரனுக்கு மனைவியும் கயிற்றுக்காரனுக்கு அக்காவுமான அவளுக்கு அதைப் பக்கத்தில் ஒருவர் நின்று விளக்க வேண்டியதில்லை. கண் விழித்தவன் அவள் முகத்தைப் பார்த்தான், குழந்தைபோல அழுதான். கால் தரையை விட்டதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். "பால்கனியிலேர்ந்து மாமா கையை நீட்டினாரே, அப்பவே எனக்கு உயிர் வந்துடுச்சுக்கா" என்றானாம்.

சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்து அவனைப் பார்த்தாள்.

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

"கேட்டிருந்தா?"

"சொல்லியிருப்பேன்."

"ஏன் கேக்கலன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா? வேணும்னுதான் அறுத்தேன்னு சொல்லிட்டா? அப்புறம் நான் எங்க போய் நிக்கறது? அதுக்குப் பயந்துதான் கேக்கல."

நெட்டைக்கு நெஞ்சில் மூட்டை விழுந்த மாதிரி இருந்தது. ஒரே தட்டில் சாப்பிட்டு, ஒரே கூரையில் கிழடாகிக்கொண்டிருப்பவள். அவளுக்கும் அப்படி ஒரு பயம் வந்திருக்கிறது. கோபித்துக்கொள்ளலாம் என்று பார்த்தால் கோபம் வரவில்லை. அதே கேள்வியைத்தானே அவனும் வாசற்படியில் உட்கார்ந்து தன்னையே கேட்டுக்கொண்டிருந்தான்.

"கோபம் இருந்துச்சு" என்றான். "இல்லேன்னு சொல்ல மாட்டேன். சுத்தாதே சுத்தாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கேட்டானா எருமை? திட்டிக்கிட்டேதான் அறுத்தேன். ஆனா அறுத்தது அவன் கால் தரையை விட்டுடுச்சேன்னுதான். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல என்னைக் கேட்டா எனக்கே தெரியாது."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"போதும்" என்றாள்.

எழுந்து போவாள் என்று நினைத்தான். போகவில்லை. இன்னும் ஏதோ இருந்தது. தரையில் விரலால் கோடு போட்டாள், அழித்தாள். கடைசியில் சொன்னாள். நாளைக் காலையிலேயே கட்டையை ஊன்றிக்கொண்டு முதலாளியிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், மாமாவுக்கு இதற்கு மேல் துரோகம் செய்ய முடியாது என்று தம்பி கிளம்பினானாம்.

"நான்தான் வேண்டாம்னுட்டேன்" என்றாள். "அந்தக் காலை வெச்சுக்கிட்டு அவன் வேற எங்க போவான்? அவன் பிள்ளைங்க மூஞ்சி கண்ணு முன்னால வந்துடுச்சு. உங்க பேரைக் கொடுத்து அவன் சோத்தை வாங்கிட்டு வந்திருக்கேன். உங்களை ஒரு வார்த்தை கேக்காம."

நெட்டை தன் கால்களைப் பார்த்தான். ஈரம் காய்ந்துவிட்டிருந்தது. இந்தப் பேரை ஆளாளுக்கு எடுத்துச் செலவழித்தார்கள். மேஸ்திரியாவது கேட்டுவிட்டு எடுத்தார். மச்சினன் கேட்கவில்லை, எதிர்வீட்டு அம்மாள் கேட்கவில்லை. இவளும் கேட்கவில்லை. ஆனால் எடுத்தேன் என்று எதிரே வந்து உட்கார்ந்தவள் இவள் ஒருத்திதான்.

"என்னைக் கேட்டிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றான்.

"தெரியும். ஆனாலும் கேட்டிருக்கணும்."

"சரி, இப்பக் கேட்டுட்டதா வெச்சுக்கோ. சோத்தைப் போடு, பசிக்குது."

அவள் சிரிக்கப் போனாள், அழுகை வந்துவிட்டது. அடுப்படியில் ரொம்ப நேரம் அவளுடைய மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது. அன்றைக்குப் பாத்திரங்கள் பேசவில்லை.

காலையில் அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு சந்துப் பக்கம் திரும்பினான். பின்னால் கதவைப் பூட்டுகிற சத்தம் கேட்டது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தாள். சந்தைக்கு நானும் வருகிறேன், காய் வாங்க வேண்டும் என்றாள். வீட்டில் காய் இருந்தது.

"இந்தப் பக்கம் போலாம்" என்று பெரிய தெருவைக் காட்டினாள்.

"கொட்டகை இருக்கு."

"இருக்கட்டுமே. தெரு அவங்க அப்பன் வீட்டுதா?"

போனார்கள். அவள் முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. தோளோடு தோளாக, அவசரமில்லாமல் நடந்தாள். அவன் எட்டி நடந்தால் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். கொட்டகை வாசலில் லாரி நின்றது, ஆட்கள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மோட்டார்க்காரன் இவர்களைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவனை இடித்தான். பேச்சு ஒவ்வொரு வாயாக நின்றுகொண்டே வந்தது. மேஸ்திரி லாரியின் பின்பக்கத்திலிருந்து இறங்கினார். அவர் கண் முதலில் அவள் முகத்துக்குப் போயிற்று. இவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அந்த ஒரு பார்வையிலேயே அவருக்குப் புரிந்தது. என்ன சொல்லப்போகிறாளோ என்று நின்றார்.

அவள் அவர் எதிரே நின்றாள். இப்போது இவள் வாயைத் திறந்தால் மேஸ்திரி இல்லை, மச்சினன் இல்லை, எல்லாம் முடிந்தது. தடுக்கவும் அவனுக்குக் கை எழவில்லை. அவளுக்கும் அந்த உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

"நல்லா இருக்கீங்களாண்ணே?" என்றாள்.

"இருக்கேம்மா" என்றார் மேஸ்திரி.

அவள் தலையசைத்துவிட்டு நடந்தாள். நாலு அடி போனதும் நெட்டையின் பக்கம் திரும்பினாள். பக்கத்தில் நடக்கிறவனிடம் பேச அவ்வளவு சத்தம் வேண்டியதில்லை.

"சாயங்காலம் சீக்கிரமா வந்துடுங்க. தம்பி உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கான். ரெண்டு பேருமாப் போய்ட்டு வந்துடலாம்."

லாரியின் அந்தப் பக்கம் நின்றவனுக்கும் அது கேட்டிருக்கும். நெட்டை சரி என்றான். பிறகு, அதுவும் அவளுக்கு மட்டும் கேட்டால் போதாது என்று தோன்றியதுபோல, இன்னொருமுறை உரக்கச் சொன்னான்.